சூளையில் குடியிருந்த மழைக்காலம்

எங்கள் பழைய வீட்டில் யாரும் மல்லாந்து படுத்ததில்லை. ஒருக்களித்துத்தான் படுப்போம். ஒரு கையை மடித்துத் தலைக்கு மேல் வைத்துக்கொள்வோம். என் மகள் கல்யாணமாகிப் பெண்ணாடம் போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. "உங்க பொண்ணு எதுக்கு மூஞ்சிய மூடிக்கிட்டே தூங்குது?" என்று அவள் மாமியார் ஒருநாள் என்னைக் கேட்டார். கொசுவுக்குப் பழகிய பழக்கம் என்று சொல்லிவைத்தேன். தூங்கும்போது மேலேயிருந்து காரை விழும் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது?

அது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் தெரு. நான் வாழ வந்தபோதே கூரைக் கம்பிகள் துருவேறி உப்ப ஆரம்பித்திருந்தன. கம்பி உப்பினால் கான்கிரீட்டைத் தள்ளும். தள்ளினால் ஒருநாள் விழும். எப்போது, எந்த மூலையில், யார் மேல் என்பதுதான் தெரியாது. சோறு வடிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பேன். மகளுக்குத் தலை வாரும்போது நிமிர்ந்து பார்ப்பேன். விருந்தாளி வந்தால் மேலே பார்த்துவிட்டுத்தான் பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்று முடிவு செய்வேன். மகள் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு காலை, அவள் எழுந்து வாசலுக்குப் போன கையோடு, அவள் தலையணை மேல் அம்மிக் குழவி அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது. அவள் தலையணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பல் விளக்கப் போய்விட்டாள். நான்தான் அன்று வேலைக்குப் போகவில்லை. பீங்கான் கம்பெனியில் கப்புக்கு விளிம்புக் கோடு இழுப்பது என் வேலை. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்ய முடியாது.

அதனால் புது வீட்டுத் திட்டத்தில் எங்கள் தெரு வந்துவிட்டது என்று சொன்னபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். தெருவே மாறப்போகிறது, சிமெண்டு ரோடு, மூடி போட்ட சாக்கடை, கம்பத்துக்குக் கம்பம் விளக்கு என்று வந்த அதிகாரி ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். முதலில் பழைய வீட்டை இடிக்க வேண்டும். இடித்த மண்மேட்டை செல்போனில் போட்டோ எடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு. அடித்தளம் முடிந்தால் ஒரு பங்குப் பணம், சன்னல் உயரம் வந்தால் ஒரு பங்கு, கூரை போட்டால் ஒரு பங்கு. இடையில் எங்கேயாவது நின்றுபோனால்? ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அப்படி நின்றுபோன வீடு ஒன்று எனக்குத் தெரியும். நாலு சுவருக்குள் வேலிக்காத்தான் மரமாக வளர்ந்து நிற்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"விழுந்துடும்னு இத்தினி வருஷம் பயந்த. இப்ப இடிச்சித் தரோம்னாலும் பயப்படுற. ஒனக்கு எதுதான் சரி?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"எதுவும் சரியில்ல. நீங்க சிரிக்கிறதும் சரியில்ல" என்றேன்.

எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. மகள் மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு போட்டு அழைத்து வர வேண்டிய நேரத்தில் தாய் வீடு மண்மேடாகக் கிடக்கும். சம்பந்தியம்மா விஷயம் தெரிந்ததும் போன் போட்டார். அவர் மரியாதையான மனுஷி, குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எனக்கு அவரிடம் பயம்.

"வூடு இல்லாத எடத்துக்குப் புள்ளத்தாச்சிப் பொண்ண எப்படி வுடறதுங்க? இங்கயே பாத்துக்கறோம். நீங்க வந்து வந்து பாத்துட்டுப் போங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வந்து பார்த்துவிட்டுப் போக நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா? "அதுக்குள்ள வூடு முடிஞ்சிடும் சம்பந்தி. எங்க பொண்ண நாங்கதான் பாப்போம்" என்று சொல்லி வைத்தேன். மேஸ்திரியும் முடித்துவிடலாம் என்றுதான் தலையாட்டினார். மேஸ்திரிகள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இடித்தார்கள். தெரு முழுக்க ஒரே வாரத்தில் தரைமட்டமானது. எல்லாரும் ஒரே நேரத்தில் வாடகைக்கு அலைந்ததால் வாடகை ஏறிக்கொண்டே போனது. சிலர் எந்தத் தெருவிலிருந்து வருகிறோம் என்று கேட்டார்கள். சொன்னவுடன், "அடடா, நேத்துதான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டோம்" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மனையிலேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். பிள்ளை பெறப் போகிறவளை வைத்துக்கொண்டு நான் தார்ப்பாயில் இருக்க முடியாது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சூளையைச் சொன்னார்.

அவர் அந்தக் கம்பெனியில் வருஷக்கணக்காகச் சூளைக்குள் பீங்கான் அடுக்கியவர். கரி போட்டு எரித்த காலத்துச் சூளை. வட்டமாக, கவிழ்த்த அண்டா மாதிரி செங்கலால் கட்டியது. மின்சார அடுப்புகள் வந்த பிறகு கம்பெனி நின்றுபோய், முதலாளி டவுனில் டைல்ஸ் கடை வைத்துவிட்டார். சூளையும் அதன் உயரமான சிம்னியும் புல் முளைத்துக் கிடந்தன. கேட்டதும் முதலாளி சரி என்றார். "சும்மாதான கெடக்குது. பூச்சி பொட்டு பாத்து இருந்துக்குங்க."

"சூளைக்குள்ளயா?" என்றேன்.

"ரெண்டு முழச் சுவரு. இடி விழுந்தாலும் அசையாது. மேலேருந்து ஒரு பொடி விழாது. நீ மல்லாந்தே படுத்துக்கலாம்."

அந்தப் பேட்டையில் அத்தனை வருஷம் வேலை பார்த்திருந்தும் நான் சூளைக்குள் போனதில்லை. பெண்களுக்கு உள்ளே வேலை கிடையாது. ஆனால் வெளியே கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது, அடுக்கி முடித்து வாசலை அடைக்கிற சத்தம் கேட்கும். சூளைக்குக் கதவு இல்லை. ஒவ்வொரு தடவையும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, களிமண் பூசி, சூடம் காட்டித்தான் நெருப்பு வைப்பார்கள். அடைப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. தலை ஆள் வாசலில் நின்று, அன்று உள்ளே வேலை செய்த ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் "வெளியில இருக்கேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கண்ணெதிரே நின்றாலும் சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்ன பிறகு தலை ஆள் தன் பேரையும் தானே கூப்பிட்டுப் பதில் சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் முதல் செங்கல். எப்போதோ உள்ளே தூங்கிப்போன ஓர் ஆளோடு சேர்த்து அடைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. எந்தக் கம்பெனி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கடைசி வருஷங்களில் அப்படிக் கூப்பிடுகிற ஆளாக என் வீட்டுக்காரர் இருந்தார். அவர் குரல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கும்.

முதல் நாள் சாயங்காலம் குனிந்து உள்ளே போனேன். உள்சுவர் முழுக்கக் கண்ணாடி பூசியது போல மினுங்கியது. எத்தனையோ வருஷ நெருப்பில் செங்கல் உருகி வழிந்து இறுகிய மினுமினுப்பு. தரையில் வரிசை வரிசையாக ஓட்டைகள். நான் "லைட்ட எங்க மாட்டுறது?" என்று கேட்டேன். "மாட்டுறது" என்று சூளை திருப்பிச் சொன்னது. சன்னல் கிடையாது. உள்ளே வைக்கப்படுவதெல்லாம் வேகத்தான் வைக்கப்படும் என்று தெரிந்த இடத்தில் பாயை விரிக்க என் கை வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. அவர் ஆண்ட இடம் அது. சுற்றிலும் இருந்த அடுப்பு வாய்கள் வழியாகப் பாம்பு வரும் என்று நான் பயந்தேன், செங்கல் வைத்து அடைத்துக் கொடுத்தார். கூரை உச்சியில் இருந்த துளை வழியாகச் சாரல் அடிக்கும் என்று பயந்தேன், ஏறித் தகரம் போட்டு மூடினார். வாசலுக்கு ஒரு தகரக் கதவு செய்து சாத்தினார். நான் பயந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டையை அடைத்தோம். அன்று, நான் சொன்னதை ஒருநாளும் கேட்காத மனுஷன் இப்படிக் கேட்கிறாரே என்றுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பாத்துடி, பொண்ணு பொறந்தா வெந்து பொம்மையா வந்துடப் போவுது. கொலுவுல வெச்சிடுவாங்க" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சம்பந்தி வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. "கம்பெனி கோட்டர்ஸ்ல இருக்கோம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள். சூளையைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் தலையணையைப் பார்த்த அதே பார்வை. "நல்லாத்தான்மா இருக்குது, சில்லுனு" என்று சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரசவம் பெரியாஸ்பத்திரியில் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, தொட்டில் போட வருகிறேன், கோட்டர்ஸையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று சொல்லிப் போனார். அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. எங்கள் புது வீடு அப்போது சன்னல் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. கம்பி கட்டி, கூரை போட நாள் குறித்திருந்தார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசி மழை எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் அந்த வருஷம் விடவே இல்லை. மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது என்று ஜனங்கள் குடையோடு பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனார்கள். கூரை போடும் நாள் தள்ளிப்போனது. நான் மனையில் நின்று பார்த்தால் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. சூளைக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை, அது உண்மை. ஆனால் சுவர் ஈரமாக வேர்த்தது. குழந்தையின் துணி எதுவும் காயவில்லை. மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கூந்தல் மத்தியானம் வரை சொட்டிக்கொண்டே இருந்தது. குழந்தை தும்மியது. ஒரு தும்மலுக்கு நான் ஒன்பது விதமாகப் பயந்தேன்.

"இரு, சூடு பண்ணித் தரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

கம்பெனி முற்றத்து ஓரத்தில் பழைய நிலக்கரிக் குவியல் கிடந்தது. நனையாத அடிக் கரியாகப் பொறுக்கி இரும்புச் சட்டியில் போட்டு, வாசலில் வைத்துப் பற்ற வைத்து, கரும்புகை போய்க் கங்கு சிவக்கும் வரை விசிறினார். பிறகு இரண்டு கையிலும் சாக்கைச் சுற்றிக்கொண்டு சட்டியை உள்ளே தூக்கி வந்து, தரை ஓட்டைகள் பக்கத்தில் வைத்தார்.

"புகை?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இளக்காரம். "இது சூளைடி. புகைய நிக்க வுடுமா? இந்த ஓட்ட வழியா எறங்கி, தரைக்கடியில ஓடி, சிம்னி இழுத்துக்கும். இத்தினி டன்னு கரி எரிச்ச எடம். ஒரு சட்டிக் கங்கு எம்மாத்திரம்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வேறு ஊர்க்காரர் யாராவது அங்கே குடியிருந்தால் அடைத்த இடத்தில் கரியை வைத்திருக்கவும் மாட்டார்கள். நாங்கள் சூளையை அறிந்தவர்கள். கங்கில் ஒரு இழைப் புகை இல்லை. சிம்னி இழுக்கிறது என்று அவர் திருப்தியாகத் தலையசைத்தார். இதமான சூடு பரவியது. மகள் கூந்தலை விரித்துப்போட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்தாள். சாரல் உள்ளே அடிக்காமல் தகரக் கதவைச் சாத்தினோம். அவர் நனைகிற சிமெண்டு மூட்டைகளைப் பார்க்க மனைக்குப் போனார். நான் ரேஷன் கடையில் பச்சரிசி போடுகிறார்கள் என்று கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பேட்டை முனையில் பஸ்ஸிலிருந்து சம்பந்தியம்மா இறங்கினார். கையில் ஒரு கூடை, தலையில் ஈரத் துண்டு.

"மழையா இருக்குதே, புள்ளக்கி எப்படி இருக்குதோன்னு மனசு கேக்கல. அதான் சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்" என்றார்.

இன்னும் ஐந்து நிமிஷத்தில் இவர் சூளையைப் பார்ப்பார். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம் எப்படியாவது கொஞ்ச நேரம் இழுக்க வேண்டும், வீட்டுக்காரரை அழைத்து வந்து அவரையே பேச வைக்க வேண்டும் என்பதுதான்.

"நனைஞ்சி வந்திருக்கீங்க சம்பந்தி. வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போவலாம். கடை இங்கதான் இருக்குது."

"டீ கெடக்குதுங்க. மொதல்ல புள்ளயப் பாத்துடறேன்."

"ரெண்டும் தூங்குதுங்க. இப்பதான் தூங்க ஆரம்பிச்சுதுங்க."

"தூங்கட்டும். நான் எழுப்பப் போறதில்ல. பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

டீக்கடைக்காரரைப் பார்த்து இரண்டு டீ என்று விரலைக் காட்டினேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு நடக்க ஆரம்பித்தார். மெதுவாகப் பேசும் மனுஷிக்கு அத்தனை வேக நடை. நான் பின்னால் ஓடிக்கொண்டே, இது கோட்டர்ஸ் இல்லை, அதாவது கோட்டர்ஸ் மாதிரிதான், ஆனால் என்று எதை எதையோ உளறினேன். கம்பெனி முற்றத்தில் நுழைந்ததும் அவர் நின்றார். சூளையைப் பார்த்தார். சிம்னியை அண்ணாந்து பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். போய்த் தகரத்தை இழுத்துத் திறந்தார்.

உள்ளே வெதுவெதுப்பாக, அமைதியாக இருந்தது. கங்கு இன்னும் சிவப்பாக இருந்தது. மகள் மல்லாந்து படுத்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் மல்லாந்து படுத்து நான் பார்த்ததில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சூளைதான் அவள் பேரைத் திருப்பிச் சொன்னது. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாயோரம் வாந்தி. குழந்தை அவள் கைக்குள் துணி மாதிரி கிடந்தது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கத்தினேனா என்று தெரியாது. சம்பந்தியம்மா குழந்தையைப் பிடுங்கி என் கையில் திணித்து, "வெளிய போ! போடி வெளிய!" என்று கத்தினார். என்னை அவர் ஒருமையில் அழைத்தது அந்த ஒரு தடவைதான். நான் குழந்தையோடு மழையில் போய் விழுந்தேன். அவர் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து அந்தக் குட்டை வாசல் வழியாக இழுத்து வந்தார். நான் குழந்தையைத் தட்டினேன், ஊதினேன், உள்ளங்காலைத் தேய்த்தேன், ஊர்ப் பெரிய கோயில் ராஜகோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து எதை எதையோ தருவதாகச் சொன்னேன். மழைத் தண்ணீர் அதன் மூக்கில் போகாமல் குனிந்து மூடிக்கொண்டேன். குழந்தை ஒரு தடவை விக்கியது. பிறகு அழுதது. அப்படி ஒரு மோசமான, கீச்சென்ற, அழகான அழுகையை நான் கேட்டதில்லை.

மகள் ஆட்டோவில்தான் கண்ணைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் மூக்கில் குழாய் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விஷக்காற்று என்றார் டாக்டர். புகை இல்லாத கங்கிலிருந்தும் அது வருமாம், தூங்குகிற மாதிரியே ஆளைக் கொண்டுபோய்விடுமாம். "மூடின எடத்துல யாரும்மா கரி வெக்கச் சொன்னது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை விட்ட பிறகு அவர் போய்ச் சிம்னி அடியில் இருந்த கல்லைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறார். தரைக்கு அடியில் ஓடுகிற புகைப்பாதை முழுக்க மழைத் தண்ணீர் நிரம்பி நின்றிருக்கிறது. காற்று போக வழியே இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவரைத் திட்ட வேண்டும் என்று வரிசையாக வார்த்தைகள் வைத்திருந்தேன். நான் டீக்கடைப் பக்கம் விரலைக் காட்டியது ஞாபகம் வந்தது. திட்டவில்லை.

சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகளையும் குழந்தையையும் பெண்ணாடம் கூட்டிப்போனார். பஸ் கிளம்பும்போது, "வூட்ட முடிங்க. முடிச்சிட்டுச் சொல்லுங்க, நானே கொண்டாந்து வுடறேன்" என்றார். மறுபடி "ங்க" போட்டுப் பேசியது எனக்கு அறை வாங்கியது போல இருந்தது.

நாங்கள் அதன் பிறகு சூளைக்குள் போகவில்லை. சாமான்களைப் பக்கத்து வீட்டு அக்காவின் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, கூரை இல்லாத எங்கள் வீட்டின் ஒரு மூலையில் நாங்களும் தார்ப்பாய் கட்டிக்கொண்டோம். மழை விட்டது, கூரை போட்டார்கள். பணம் ஒரு தடவை நின்று, பிறகு வந்தது. அந்த நாட்களில் நான் பயந்தது வீடு நின்றுபோகும் என்பதற்கு மட்டும் இல்லை. வீடு முடிந்த பிறகும் மகள் வராமல் போய்விட்டால்? தினமும் போனில் பேசினாள். குழந்தை சிரிப்பதைக் காட்டினாள். "எப்ப வர?" என்று கேட்டால் மட்டும், "வரேன்மா, பாக்கலாம்" என்பாள்.

மேஸ்திரி என்னைக் கண்டாலே ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். சமையல்கட்டில் ஒரு சன்னல் என்றால் இரண்டு வை என்றேன். மேலே காற்றுத் துளை வை என்றேன். "வூடு கட்டறமா, கூண்டு கட்டறமாக்கா?" என்று கேட்டார். "கூண்டுதான். கட்டு" என்றேன்.

தை பிறந்ததும் பால் காய்ச்ச நாள் பார்த்தோம். தெருவில் பாதி வீடுகள் முடிந்திருந்தன. ரோடு போட்டாகிவிட்டது. சாக்கடைக்கு மூடி இன்னும் வரவில்லை. பெண்ணாடத்திலிருந்து காலை பஸ்ஸில் சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, குழந்தையோடு மகள் எல்லாரும் வந்தார்கள். மகள் புது விளக்குக் கம்பத்தின் கீழே நின்றுவிட்டாள்.

"உள்ள வாடி."

"நீ பத்த வெச்சி முடிம்மா. அப்பறம் வரேன்."

அவள் முகம் வெளுத்திருந்தது. குழந்தையை மார்போடு இறுக்கியிருந்தாள். சம்பந்தியம்மா, "நல்ல நேரம் போவுது" என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் அவரும் படியேறவில்லை. நான் அடுப்பில் பால் பானையை வைத்துவிட்டுத் தீப்பெட்டியோடு நின்றேன். இரண்டு சன்னலும் திறந்திருந்தன, காற்று உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது, அடுப்பு கேஸ் அடுப்பு, எல்லாம் தெரிந்தும் குச்சியைக் கிழிக்கக் கை வரவில்லை.

என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார். அந்த மழை நாளுக்குப் பிறகு அவர் வாயில் சூளை என்ற சொல்லே வந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பேட்டை முழுக்கக் கேட்ட அந்தப் பழைய குரலில், "சம்பந்தியம்மா!" என்று கூப்பிட்டார்.

சம்பந்தியம்மா திகைத்துப் பார்த்தார். மகள்தான் அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"வெளியில இருக்கேங்க" என்றார் சம்பந்தியம்மா.

அடுத்து என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவரும் கூச்சத்தோடு சொன்னார். மகள் பேரைக் கூப்பிட்டார். "வெளியில இருக்கேன்ப்பா." பிறகு குழந்தையின் பேர். அந்தப் பேரை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வெளியில இருக்காப்பா" என்றாள் மகள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் தன் பேரைத் தானே சொல்லிப் பதிலும் சொல்லிக்கொண்டார். கடைசியாக என் பேரைக் கூப்பிட்டார்.

"உள்ள இருக்கேன்" என்றேன்.

வழக்கப்படி அந்தப் பதிலுக்கு நெருப்பு வைக்கக் கூடாது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, "சரி. நானும் இருக்கேன். பத்த வை" என்றார்.

பற்ற வைத்தேன். பால் பொங்கி வழிகிற வரை நாங்கள் இரண்டு பேரும் பானையைப் பார்க்கவில்லை, சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் மகள் படியேறி வந்தாள். கூடத்து நடுவில் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். அது கையையும் காலையும் பரப்பிக்கொண்டு மல்லாந்து கிடந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த கூரையைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் வீட்டில் அப்படிப் படுத்துக்கொண்டு சிரித்த முதல் ஆள் அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்த்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.